ஒரே சிவப்பு, இரண்டு வேலை: ஸ்டைல் டிக்‌ஷனரியோடு ஒரு வருடம்

நிறங்களுக்குப் பெயர் வைத்து ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள உதவும் ஒரு கருவியை நான் ஏன் எடுத்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2024 தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மலேசியாவின் ஈப்போவில் மூன்று கிளை வைத்திருக்கும் ஒரு பலகாரக் கடையின் ஆர்டர் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை என்று அந்த நேரத்தில் ஆர்டர் குவியும். கடைக்கார அண்ணன் போன் போட்டு, "தீபாவளிக்கு நம்ம சிவப்பக் கொஞ்சம் அரக்கு கலரா ஆக்கிடும்மா, பாக்க கிராண்டா இருக்கும்" என்றார். எடிட்டரில் பழைய சிவப்பின் கலர் எண்ணைத் தேடினேன். 38 கோப்பில் 143 இடம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் அரக்காக்கிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

மறுநாள் சாயந்திரம் அண்ணன் மறுபடி கூப்பிட்டார். பதினொரு பேர் ஆர்டர் போட்டதாகச் சொல்கிறார்களாம், கடையில் ஒன்றும் வந்து சேரவில்லையாம். பார்த்தால், "இந்தத் தேதிக்கு ஆர்டர் முடிந்துவிட்டது" என்ற எச்சரிக்கை வரியும் சிவப்பிலிருந்து அரக்காகியிருக்கிறது. பக்கத்தின் தலைப்பும் அரக்கு. எச்சரிக்கையும் தலைப்பு மாதிரியே தெரிந்ததால், அதை யாரும் எச்சரிக்கையாகப் படிக்கவில்லை. ஆர்டர் போய்விட்டது என்று நினைத்து மூடிவிட்டார்கள். கடையில் வேலை செய்யும் அக்கா பதினொரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். தப்பு என்னுடையது. மன்னிப்புக் கேட்டது அவர். இன்னும் மனதில் உறுத்துகிறது.

கடையின் சிவப்பும் எச்சரிக்கையின் சிவப்பும் என் கோடில் ஒரே எண்ணாக இருந்தன. பார்க்க ஒரே நிறம்தான், ஆனால் வேலை இரண்டு. ஒரு சிவப்பு "இது நம்ம கடை" என்கிறது. இன்னொரு சிவப்பு "கொஞ்சம் நில்" என்கிறது. எடிட்டருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

நான் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவர் வெட்டிய தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. குலை ஏற்றிய லாரி எங்கள் தாமான் (குடியிருப்பு) வாசலைத் தாண்டித்தான் போகும். நடந்ததை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒரு செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) கதை சொன்னார். தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்களாம். விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும்போது, மண்டோர் (மேற்பார்வையாளர்) பெயரைக் கூப்பிட்டால் மூன்று பேரும் குரல் கொடுப்பார்களாம். ஒரு மாதம் மருந்தடித்தவர் சம்பளம் பால் வெட்டியவர் கணக்கில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பெயருக்குப் பக்கத்திலேயே அவரவர் வேலையையும் எழுத ஆரம்பித்தாராம். அப்பா பழைய நினைவில் சொன்ன கதைதான். எனக்கோ அன்று ராத்திரி முழுக்க அதே யோசனை.

அந்த நவம்பரில் எடுத்துப் போட்டதுதான் ஸ்டைல் டிக்‌ஷனரி. ஒரு வருடத்துக்கும் மேல் உண்மையான கடையின் உண்மையான ஆர்டர்களோடு பயன்படுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நிறங்களையும் அளவுகளையும் டிசைனரிடமிருந்து கோடுக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறவர்கள் யாரானாலும் ஒருமுறை இதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அமேசானில் உருவாகி, ஓப்பன் சோர்ஸாகத் திறந்துவிடப்பட்ட கருவி இது. அப்பாச்சி 2.0 உரிமம், காசு கிடையாது. திரை, பட்டன் எதுவும் இல்லை. டெர்மினலில் (கட்டளையைத் தட்டச்சு செய்யும் சாளரம்) கட்டளை கொடுப்பதோடு சரி. நிறம், எழுத்தளவு, இடைவெளி, மூலை வளைவு எல்லாவற்றையும் ஜேசன் கோப்பில் (பெயரும் மதிப்புமாக எழுதும் எளிய உரைக் கோப்பு) பெயர் போட்டு எழுதிவைக்கிறோம். அப்படிப் பெயர் வைத்த ஒவ்வொரு மதிப்பும் ஒரு டிசைன் டோக்கன். 'பில்ட்' என்று அடித்தால் அதே மதிப்புகள் இணையதளத்துக்கு சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) ஆகவும், ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் அவற்றுக்குரிய வடிவிலும் வந்து விழும். வந்து விழுந்த கோப்பைக் கையால் தொடக்கூடாது. மாற்றம் எல்லாம் ஜேசனில்தான்.

என்பிஎம் என்ற மென்பொருள் பொட்டலக் கிடங்கிலிருந்து இறக்கி, 'இனிட் பேசிக்' என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒரு மாதிரி ஃபோல்டர் வரும். அதைத் திறந்து பார்த்த அரை மணி நேரத்தில் எனக்கு அமைப்பு புரிந்துவிட்டது. டோக்கன்களை எங்கிருந்து எடுக்க வேண்டும், எந்தத் தளத்துக்கு மாற்ற வேண்டும், எந்த ஃபோல்டரில் எழுத வேண்டும் என்று கான்ஃபிக் கோப்பில் சொல்லிவிட்டால் முடிந்தது. 2024-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்துதான் நான் ஆரம்பித்தேன். டோக்கன்களை எழுதும் பொது முறையை வகுக்கும் டிசைன் டோக்கன்ஸ் கம்யூனிட்டி குரூப்பின் ஜேசன் வடிவத்தை இந்தப் பதிப்பு நேரடியாகப் படிக்கும். அதில் மதிப்புக்கும் வகைக்கும் முன்னால் ஒரு டாலர் குறி வரும். பழைய வடிவத்தில் அந்தக் குறி இல்லை. இரண்டையும் ஒரே பில்டில் கலக்கக்கூடாது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் டாலர் வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவியை நிறுவுவது எளிது. என்னை உட்கார வைத்தது அந்த 143 இடம்தான்.

மூன்று ராத்திரி ஆனது. ஒவ்வொரு இடமாகத் திறந்து, "இந்தச் சிவப்பு இங்கே என்ன வேலை செய்கிறது?" என்று கேட்டுக் கேட்டுப் பிரித்தேன். 97 இடத்தில் அது கடையின் நிறம். 31 இடத்தில் எச்சரிக்கை. 9 இடத்தில் விலைக் கழிவுச் சீட்டு. மிச்சம் 6 இடத்தில் என்னவென்று பார்த்தால், கார முறுக்குக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன மிளகாய்ப் படம்! தீபாவளிக்கு நான் மிளகாயையும் அரக்காக்கி வைத்திருக்கிறேன். ஆக, இரண்டு வேலை என்று நினைத்திருந்த சிவப்புக்கு நான்கு வேலை இருந்தது. இதை எந்தக் கருவியும் நமக்காகச் செய்து தராது. ஆனால் இந்தக் கருவியின் அமைப்பு நம்மை அந்தக் கேள்விக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பெயர் எழுதாமல் டோக்கன் இல்லை. வேலை தெரியாமல் பெயர் எழுத முடியாது.

இப்போது என் ஜேசனில் இரண்டு அடுக்கு இருக்கிறது. கீழ் அடுக்கில் வெறும் நிறங்கள்: சிவப்பு 600, அரக்கு 800, மஞ்சள் 400 என்று ஒரு தட்டு மாதிரி. மேல் அடுக்கில் வேலைகள்: கடைத் தலைப்பு, எச்சரிக்கை எழுத்து, கழிவுச் சீட்டு, காரக் குறி. மேல் அடுக்கில் கலர் எண்ணே கிடையாது. சுருள் அடைப்புக்குள் கீழ் அடுக்கின் பெயரை மட்டும் எழுதினால் போதும், பில்ட் ஓடும்போது கருவி அதைப் பின்தொடர்ந்து போய் மதிப்பை எடுத்துவரும். இல்லாத பெயரைக் குறித்திருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். கான்ஃபிக்கில் 'அவுட்புட் ரெஃபரன்சஸ்' என்ற விருப்பத்தைத் திறந்துவிட்டால், வெளியே வரும் சிஎஸ்எஸ் கோப்பிலும் அந்தத் தொடர்பு அப்படியே இருக்கும். கடைத் தலைப்பு எந்தச் சிவப்பைச் சார்ந்திருக்கிறது என்று பிரவுசரிலேயே பார்க்கலாம். எனக்குப் பிடித்த அம்சம் இது.

சரி, தீம் விஷயத்துக்கு வருகிறேன். நான் இதை எடுத்ததே அதற்காகத்தான். சாதாரண நாள், தீபாவளி, தைப்பூசம், அப்புறம் இருட்டு மோட் என்று கடைக்கு நான்கு உடுப்பு.

ஸ்டைல் டிக்‌ஷனரிக்குள் தீம் என்று தனியாக ஒன்று இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம். தீமுக்கு ஒரு பில்ட் என்று பலமுறை ஓட்டுவதுதான் வழி. நாற்பது வரியில், நோட்.ஜேஎஸ்ஸில் ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு சுற்றிலும் அடிப்படை டோக்கன்களை 'இன்க்லூட்' என்ற இடத்தில் வைக்கிறது, தீமின் டோக்கன்களை 'சோர்ஸ்' என்ற இடத்தில் வைக்கிறது. இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு கோப்பையும் சோர்ஸில் போட்டால், ஒரே பெயர் இரண்டு இடத்தில் வருகிறது என்று மோதல் எச்சரிக்கை வரும். அடிப்படையை இன்க்லூடில் போட்டால், சோர்ஸில் உள்ளது அதன்மேல் எழுதிக்கொள்ளும், சத்தமில்லை. நான் முதல் வாரம் எல்லாவற்றையும் சோர்ஸில் கொட்டிவிட்டு, வந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் விட்டேன். அதனால் உண்மையிலேயே தெரியாமல் இரண்டு தரம் எழுதிய ஒரு பெயரையும் கவனிக்காமல் போனேன். எச்சரிக்கை வந்தால் 'வெர்போஸ்' என்று சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். எந்தப் பெயர் எங்கே மோதுகிறது என்று வரிவரியாகக் காட்டும்.

தீம் கோப்பில் அந்தத் தீமுக்கு மாறுகிற டோக்கன்கள் மட்டும் வரவேண்டும். அதற்கு வடிகட்டி இருக்கிறது. ஒவ்வொரு டோக்கனும் சோர்ஸிலிருந்து வந்ததா இல்லையா என்பது கருவிக்குத் தெரியும், அதை வைத்தே வடிகட்டலாம். சிஎஸ்எஸ் வெளியீட்டில் செலக்டரையும், அதாவது அந்த மதிப்புகள் எதற்குப் பொருந்தும் என்பதையும், மாற்றலாம். அதனால் என் தீபாவளிக் கோப்பு மொத்தமே பதினாறு வரி. பக்கத்தின் மேலே தீம் பெயரை மாற்றினால் முழுக் கடையும் உடுப்பு மாற்றிக்கொள்கிறது. ஒன்று மட்டும் கவனம்: வடிகட்டியும் அவுட்புட் ரெஃபரன்சஸும் சேர்ந்து இருந்தால், குறிப்பிடப்பட்ட டோக்கன் வடிகட்டலில் போய்விட்டது என்று எச்சரிக்கும். அடிப்படைக் கோப்பும் அதே பக்கத்தில் ஏற்றப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றப்பட்டால் பயமில்லை.

என் பழைய மடிக்கணினியிலேயே நான்கு தீமும் சேர்ந்து இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. இதைவிட எனக்கு முக்கியம், ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமே வேண்டாம் என்பது. இங்கே மதியம் மூன்று மணிக்கு மேல் இடி இடிக்க ஆரம்பித்தால் லைன் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இதற்கு முன்னால் இன்னொரு வாடிக்கையாளருக்காக மாதச் சந்தாவில் ஓடும் ஒரு இணையச் சேவையைப் பயன்படுத்தினேன். பெயர் வேண்டாம். அழகான திரை, எல்லாம் கிளிக்கில் நடக்கும். ஆனால் லைன் போனால் வேலையும் போய்விடும். கட்டணமோ அமெரிக்க டாலரில், மலேசிய வெள்ளிக்கு மாற்றினால் சின்னக் கடைக்குக் கட்டுப்படியாகாது. என் மாதிரி தனியாக வேலை செய்கிறவர்களுக்கு, நம் மெஷினிலேயே இருக்கும் கட்டளை தருகிற நிம்மதி வேறு.

டிசைனர் அக்கா கிள்ளானில் இருக்கிறார். அவர் ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் வரைகிறார், நான் இங்கே கோட் எழுதுகிறேன். ஸ்டைல் டிக்‌ஷனரி ஃபிக்மாவுக்குள் போய் எதையும் எடுத்துவராது. ஜேசன் கையில் கிடைத்த பிறகுதான் அதன் வேலை தொடங்கும். ஃபிக்மாவில் சேமித்த நிற, அளவு மதிப்புகளை (வேரியபிள்கள்) ஏபிஐ வழியாக, அதாவது நிரல் மூலம், எடுக்கலாம், ஆனால் அது என்டர்பிரைஸ் என்ற பெரிய நிறுவனத் திட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான். எங்களுக்கு எட்டாது. அதனால் டோக்கன்ஸ் ஸ்டுடியோ என்ற பிளகினை (ஃபிக்மாவோடு சேரும் துணைக் கருவி) போட்டோம். அக்கா அதில் மாற்றிவிட்டு 'புஷ்' அழுத்தினால் ஜேசன் நேராக, எங்கள் கோட் இருக்கும் கிட்ஹப் ரெப்போவில் தனியாக ஒரு கிளையில் வந்து நிற்கும், நான் பார்த்துச் சேர்ப்பேன். அந்தப் பிளகினின் தனி எழுத்துமுறையை ஸ்டைல் டிக்‌ஷனரிக்குப் புரிய வைக்க 'எஸ்டி டிரான்ஸ்ஃபார்ம்ஸ்' என்ற துணைப் பொட்டலம் வேண்டும். டோக்கன்ஸ் ஸ்டுடியோக்காரர்களே செய்து தந்திருக்கிறார்கள்.

இந்தச் சிங்க் வந்த பிறகு எங்கள் இருவருக்கும் இடையே பேச்சே மாறிவிட்டது. முன்பெல்லாம் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வரும், "இந்தப் பச்ச கொஞ்சம் லைட்டா" என்று குரல் செய்தி வரும். எந்தப் பச்சை, எங்கெல்லாம் லைட்டாக்க வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒரு நாள் போய்விடும். இப்போது அவர் அனுப்பும் மாற்றம் இரண்டு வரி, மூன்று வரி. பழையது இது, புதியது இது என்று இருவருக்கும் ஒரே மாதிரி தெரிகிறது. போன மாதம் அக்காவே கேட்டார்: "எச்சரிக்கை எழுத்தும் கழிவுச் சீட்டும் ரெண்டும் சிவப்பு 600-அத்தானே சாஞ்சிருக்கு, கழிவ மட்டும் ஆரஞ்சுக்கு நகர்த்தட்டுமா?" கோட் எழுதாத ஒருவர் கோடின் உள்கட்டை இவ்வளவு துல்லியமாகக் கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

2025 பிப்ரவரி 11 தைப்பூசம். அதற்கு மஞ்சள் தீம். டோக்கன் எல்லாம் சரி, பில்ட் சரி, மோதல் ஒன்றுமில்லை. வெளியிடும் முன் அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை இருக்கிறது. வாசல் நாற்காலியில் வெயில் படுகிற இடத்தில் உட்கார்ந்து, போனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டக் கொண்டுவந்தார், சாய்த்துப் பார்த்தார். "பட்டன் இருக்கு, அதுல ஒண்ணும் எழுதலையே மா" என்றார். எழுதித்தான் இருந்தது. மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து. கணக்குப் போட்டுப் பார்த்தேன், கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) 1.8-க்கு 1 தான் வந்தது. இணையப் பக்கத்தை எல்லோராலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூகேக் (WCAG) விதி சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5-க்கு 1. எழுத்தைக் கறுப்புக்குப் பக்கமான பழுப்பாக மாற்றியதும் 9-ஐத் தாண்டியது. அப்பா உடனே படித்தார்: "கூடையில் சேர்."

குறித்த பெயர் உண்மையில் இருக்கிறதா என்று ஸ்டைல் டிக்‌ஷனரி பார்க்கும். மனிதர் படிக்க முடிகிறதா என்று பார்க்காது. அது அதன் வேலையும் இல்லை. ஆனால் எல்லா நிறமும் பெயரோடு ஒரே இடத்தில் இருப்பதால், அந்தச் சோதனையை நானே எழுதிச் சேர்க்க முடிந்தது. எந்த எழுத்து எந்தப் பின்னணி மேல் வரும் என்று ஜோடிகளை ஒரு பட்டியலில் வைத்திருக்கிறேன். பில்ட் முடிந்ததும் ஒவ்வொரு தீமிலும் அந்த ஜோடிகளை அளந்து, 4.5-க்குக் கீழே போனால் நிறுத்திவிடும். இதைச் செய்யாமல் தீம் வைக்காதீர்கள்.

இன்னொரு குழி இருக்கிறது. டோக்கனின் பெயரை மாற்றினால் பில்ட் மகிழ்ச்சியாக ஓடி முடிந்துவிடும். ஆனால் பழைய பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிஎஸ்எஸ் வரிகளைப் பற்றி இந்தக் கருவிக்கு ஒன்றும் தெரியாது. பிரவுசரும் கூச்சல் போடாது. நிறம் கிடைக்காத பட்டன் பின்னணி இல்லாமல் நிற்கும். எனக்கு ஒருமுறை 'ஆர்டரை உறுதி செய்' பட்டனே அப்படி ஆனது. நல்லவேளை, சோதனைத் தளத்திலேயே பார்த்துவிட்டேன். அதற்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டேன்: கோடில் கேட்கப்படும் பெயர்களையும் பில்டில் வந்த பெயர்களையும் ஒப்பிட்டு, இல்லாததைக் காட்டும். ஆக, ஸ்டைல் டிக்‌ஷனரியைச் சுற்றி நான் எழுதிய துணை ஸ்கிரிப்ட் மூன்று. எல்லாம் தயாராகக் கையில் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது பெரிய வேலையாகத் தெரியலாம். ஒரே நிறத்தட்டு, ஒரே தளம், தீமே வேண்டாம் என்றால் இந்தக் கருவியும் வேண்டாம். சிஎஸ்எஸ் மாறிகளை ஒரு கோப்பில் கையால் எழுதினாலே போதும். இரண்டாவது தீம் வந்த அன்று இதை எடுங்கள்.

2025 தீபாவளி அக்டோபர் 20. அந்த வருடம் அண்ணன் கேட்டது கத்தரிப்பூ நிறம். அக்கா ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிள்ளானிலிருந்து அனுப்பினார். திங்கட்கிழமை பசியாறும் முன் பார்த்தேன்: கடைத் தலைப்பு ஒன்று, பட்டன் ஒன்று, மேல்பட்டை ஒன்று, மூன்றே வரி. எச்சரிக்கையில் கை வைக்கவில்லை. மிளகாய் மிளகாயாகவே இருந்தது. சேர்த்துவிட்டேன். அந்தப் பண்டிகை முழுக்கக் காணாமல் போன ஆர்டர் ஒன்றுகூட இல்லை.

அதற்கு அடுத்த வாரமே, அக்டோபர் 28 அன்று, டிசைன் டோக்கன் வடிவத்தின் முதல் நிலையான பதிப்பு வெளியானது. இன்று எழுதும் ஜேசன் நாளைக்கு வேறு கருவிக்கும் போகும் என்ற தைரியம் இப்போது இருக்கிறது. நம் உழைப்பு முழுக்க அந்தப் பெயர்களில்தான் இருப்பதால், இது எனக்குப் பெரிய விஷயம்.

இப்போது டெலிவரி தம்பிகளுக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் செய்துகொண்டிருக்கிறேன். கான்ஃபிக்கில் கம்போஸ் (ஆண்ட்ராய்டு திரைகளை எழுதும் முறை) என்று இன்னொரு தளத்தை எட்டு வரியில் சேர்த்தேன். அதே ஜேசனிலிருந்து ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் கோட்லின் மொழியில் ஒரு கோப்பு வந்தது. நேற்று ராத்திரி தீபாவளி தீமைப் போட்டு, வேண்டுமென்றே தப்பான முகவரி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். மேலே கடையின் பெயர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. கீழே "முகவரி கிடைக்கவில்லை" என்ற வரி பளிச்சென்று சிவப்பில் வந்தது.